பரீட்சைப் பசிக்குப் பிறந்த பலகாரங்கள்

நான்ஜிங் நகரின் கன்ஃபூசியஸ் கோயிலுக்குக் கும்பிட வருகிறவர்களைவிடச் சாப்பிட வருகிறவர்களே அதிகம். அதற்குப் பின்னால் ஒரு பெரிய பரீட்சைக் கதை இருக்கிறது.

பரீட்சைக்கு வந்தவன் பையில் இருந்த பலகாரத்தைக் காவலர்கள் கத்தியால் அறுத்துப் பார்த்தார்கள். மாவுப் பண்டத்தின் நடுவில் ‘பிட்’ ஏதாவது ஒளித்து வைத்திருக்கிறானா என்று சோதனை. சிங் அரசர்கள் காலத்துத் தேர்வு விதிகளிலேயே இது உண்டு. உள்ளே போகிற ரொட்டியோ இனிப்போ, எதுவானாலும் துண்டு போட்டுப் பார்த்த பிறகுதான் அனுமதி. சட்டை, செருப்பு, மைக்கல், தூரிகையின் பிடி என எல்லாவற்றையும் துழாவிவிட்டுக் கடைசியில் சோற்று மூட்டையிலும் கைவைத்தார்கள்.

இப்படி அறுபட்ட பண்டங்களோடு ஒரே சமயத்தில் ஏறக்குறைய இருபதாயிரம் பேர் நுழைந்த இடம், சீனாவின் நான்ஜிங் நகரில், சின்ஹுவாய் ஆற்றின் வடகரையில் இருக்கிறது. பெயர் ஜியாங்னான் தேர்வுக்கூடம். அதை ஒட்டினாற்போல் கன்ஃபூசியஸ் கோயில். கோயில், அதைச் சேர்ந்த கல்விச்சாலை, பக்கத்துத் தேர்வுக்கூடம், சுற்றியிருக்கும் கடைத்தெரு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் ஒரே பெயர் ‘ஃபூஸிமியாவ்’. ‘ஃபூஸிமியாவ் போகலாம்’ என்று ஒரு நான்ஜிங்காரர் சொன்னால் சாமி கும்பிடப் போகிறார் என்று நினைத்துவிட வேண்டாம். பெரும்பாலும் அவர் வயிற்றுக்கு வழி தேடித்தான் கிளம்புகிறார்.

கோயில் என்றால் பிரசாதம் என்பது நம் வழக்கம். மடைப்பள்ளியில் பொங்கி, சாமிக்குப் படைத்து, வரிசையில் நிற்பவருக்குக் கொடுப்போம். ஃபூஸிமியாவில் அப்படி ஒரு சமையலறையே கிடையாது. வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் அதிகாரிகள் முறைப்படி நடத்திய சடங்கில் மாடு, ஆடு, பன்றி படைக்கப்பட்டன. அது அரசாங்க விவகாரம், ஊராருக்கு அதில் பங்கில்லை. இந்த இடத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்த சிற்றுண்டிகள் எல்லாமே கோயில் சுவருக்கு வெளியே, பரீட்சைக்கு வந்த பையன்களின் பசியை நம்பி அடுப்பு மூட்டியவர்கள் செய்தவை. கட்டடங்கள் பல முறை எரிந்தன. பரீட்சையையே ஒருநாள் ஒழித்துவிட்டார்கள். அடுப்பு மட்டும் ஏதோ ஒரு மூலையில் எரிந்துகொண்டே இருந்தது.

ஆற்றையே குளமாக்கிய கோயில்

கிழக்கு ஜின் வம்சத்து அரசர் செங் காலத்தில், 337-ல், அமைச்சர் வாங் தாவ் சொல்லி இந்த ஆற்றங்கரையில் அரச கல்விச்சாலை ஒன்று வந்தது. அதே வட்டாரத்தில் வடக்கு சொங் அரசு 1034-ல் கன்ஃபூசியஸுக்குக் கோயில் எழுப்பியது. தேர்வுக்கூடம் அதற்கும் 134 வருடம் கழித்து, 1168-ல் வந்தது. இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும்: முதலில் படிப்பு, பிறகு ஆசானுக்குக் கோயில், கடைசியில் பரீட்சை. கடைத்தெரு சூடு பிடித்தது பரீட்சை வந்த பிறகுதான்.

சீனாவில் கன்ஃபூசியஸ் கோயில்களுக்கு முன்னால் பிறைவடிவில் ஒரு குளம் வெட்டுவது மரபு. நான்ஜிங்காரர்கள் அந்தச் செலவை மிச்சப்படுத்திவிட்டார்கள். ஓடுகிற சின்ஹுவாய் ஆற்றையே கோயில் குளமாகக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். தென்கரையில் 1575-ல் ஒரு மறைப்புச் சுவர் கட்டினார்கள். நீளம் 110 மீட்டர். சீனாவில் இவ்வகைச் சுவர்களில் இதுதான் நீளமானது என்கிறார்கள். இன்று அதில் பொன்னிற டிராகன்கள் இரண்டு மின்விளக்கில் ஜொலிக்கின்றன. அவை பிற்காலச் சேர்க்கை. ராத்திரியில் அந்தச் சுவருக்கு எதிரே நின்று போட்டோ எடுக்காமல் யாரும் ஊர் திரும்புவதில்லை.

கோயிலின் நடுநாயகம் தாச்செங் மண்டபம். முன்னால் 4.18 மீட்டர் உயரத்தில் கன்ஃபூசியஸின் வெண்கலச் சிலை. இரு கைகளையும் கோத்து மார்போடு வைத்து நிற்கிறார். பொதுத்தேர்வுக் காலம் நெருங்கினால் மாணவர்களும், அவர்களைவிட அதிகமாகப் பெற்றோர்களும் வந்து வேண்டுதல் எழுதிய சிவப்பு அட்டைகளைத் தொங்கவிடுகிறார்கள். தேர்வுக் கவலைக்கு ஊரும் இல்லை, மொழியும் இல்லை.

ஒன்பது நாள், ஓர் அறை, ஒரு பானை

தேர்வுக்கூடம் உச்சத்தில் இருந்தபோது அதில் 20,644 அறைகள். அறை என்பது பெரிய வார்த்தை. ஆள் காலை நீட்டிப் படுக்க முடியாத ஒரு பொந்து, மூன்று பக்கம் சுவர், முன்பக்கம் திறப்பு, கதவு கிடையாது. இரண்டு பலகைகள் கொடுப்பார்கள். பகலில் ஒன்றைச் சற்று உயரத்தில் செருகினால் மேசை, மற்றது இருக்கை. ராத்திரி இரண்டையும் ஒரே மட்டத்தில் போட்டால் படுக்கை. வரிசையின் கோடியில் கழிப்பிடம். அதன் பக்கத்து அறை யார் தலையில் விழுகிறதோ, அவர் பரீட்சை அன்றே முடிந்தது.

மூன்று வருடத்துக்கு ஒரு முறை, சந்திர நாட்காட்டியின் எட்டாம் மாதத்தில் தேர்வு. மூன்று கட்டம், ஒவ்வொன்றும் மூன்று நாள். கடைசிக் கட்டத்தின் நடுவில் நடு இலையுதிர்ப் பண்டிகை வரும். ஊரே முழுநிலாவைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இவர்கள் மெழுகுவத்தி வெளிச்சத்தில் கட்டுரை எழுதிக்கொண்டிருப்பார்கள். மூன்று அடுக்கு மிங்யுவான் கோபுரத்தின் மேலிருந்து அதிகாரிகள் எல்லா வரிசைகளையும் நோட்டம் விடுவார்கள். 1534-ல் கட்டிய அந்தக் கோபுரம் இன்னும் நிற்கிறது. ஜியாங்சு, அன்ஹுய் என்ற இரண்டு மாகாணங்களுக்கும் இதுதான் மையம். இருபதாயிரம் பேர் எழுதினால் தேறுகிறவர்கள் நூற்றுச் சொச்சம்.

சாப்பாடு? அவரவர் பாடு. அரிசி, மாவு, கரி, சின்ன அடுப்பு, பானை எல்லாவற்றையும் சுமந்துகொண்டுதான் உள்ளே போக வேண்டும். வீட்டில் தண்ணீர்கூடக் கொதிக்க வைக்காத குலக்கொழுந்துகள் அந்தச் சந்தில் உட்கார்ந்து அடுப்பு ஊதினார்கள். இதற்கு ஒரு நேரடிச் சாட்சி இருக்கிறது. சென் டூசியூ. 1921-ல் சீனக் கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர். 1897-ல், இருபது வயதுகூட ஆகாத பிள்ளையாக, நான்ஜிங்கில் இந்தத் தேர்வை எழுத வந்தார். பிற்காலத்தில் எழுதிய தன்வரலாற்றில் அந்த ஒன்பது நாளையும் நினைவுகூர்கிறார். சமையல் தெரியாததால் வேகாமலோ குழைந்தோ போன நூடுல்ஸைத் தின்றே பொழுதைக் கழித்தாராம்.

அதே சந்தில் ஒரு தேர்வரையும் பார்த்திருக்கிறார். ஷூஜோவ் பக்கத்து ஆள், நல்ல பருமன். புழுக்கம் தாங்காமல் துணியை எல்லாம் களைந்துவிட்டு, சடையைத் தலைமேல் சுருட்டிக் கட்டி, காலில் கிழிந்த செருப்போடு, கையில் கட்டுரையைப் பிடித்தபடி அங்குமிங்கும் நடந்து உரக்கப் படித்துக்கொண்டிருந்தாராம். பிடித்த வரி வந்ததும் தொடையில் ஒரு தட்டு. இந்த முறை தேறிவிடுவேன் என்று ஒரு கூவல். சென் டூசியூ அந்தக் காட்சியைப் பார்த்தபடி ஒன்றிரண்டு மணி நேரம் யோசித்தார். இவர்கள் கையில் அதிகாரம் போனால் நாடும் மக்களும் என்ன ஆவார்கள் என்ற யோசனை அது. பழைய தேர்வு வழியைக் கைவிட்டுச் சீர்திருத்தக்காரர்கள் பக்கம் சாய முடிவெடுத்தது அங்கேதான் என்று எழுதுகிறார். புரட்சிக்கு எத்தனையோ காரணம் சொல்வார்கள். அரைவேக்காட்டு நூடுல்ஸுக்கும் அதில் ஒரு பங்கு கொடுக்கலாம்.

நமக்கும் இந்தத் தேர்வுக்கும் ஒரு தொடர்பு உண்டு. எழுத்துத்தேர்வு வைத்து அதிகாரிகளைப் பொறுக்கும் யோசனையை ஐரோப்பியர்கள் சீனாவிடம்தான் கற்றார்கள் என்று வரலாற்று ஆய்வாளர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். பிரிட்டிஷ்காரர்கள் அதை 1855-ல் இந்திய சிவில் சர்வீஸுக்குக் கொண்டுவந்தார்கள். சென்னை அண்ணா நகரில் ஐ.ஏ.எஸ். பயிற்சி மையங்களைச் சுற்றி முளைத்திருக்கும் மெஸ்களையும் டீக்கடைகளையும் பார்த்தவர்களுக்கு ஃபூஸிமியாவ் தெரு ஏன் உண்டானது என்று விளக்க வேண்டியதே இல்லை.

முதல் மாணவனின் அவரை

இங்கே விற்கும் சிற்றுண்டிகளில் பரீட்சை வாசனை நேரடியாக அடிப்பது ‘ஜுவாங்யுவான் அவரை’யில். தலைநகரில் நடக்கும் இறுதித் தேர்வில் நாட்டிலேயே முதலாவதாக வருகிறவருக்கு ஜுவாங்யுவான் என்று பட்டம். 1752-ல் அந்தப் பட்டத்தை வாங்கியவர் சின் தாஷி என்ற நான்ஜிங்காரர். வசதியில்லாத குடும்பம், ராத்திரி கண்விழித்துப் படித்த பையனுக்கு அம்மா சோயா அவரையை வேகவைத்துக் கொடுப்பாள், அதைத் தின்று தின்றே முதலிடம் வந்தான் என்று ஊரில் ஒரு கதை. அவர் தேறியது வரலாறு, அவரைக் கதை வழிவழியாக வந்த பேச்சு. தெரு வியாபாரிகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். தேர்வுக்கூட வாசலில் ‘இதைத் தின்றால் முதலிடம்’ என்று கூவி விற்றார்கள். தோற்றுப் போனவர்கள் காசைத் திருப்பிக் கேட்டதாகத் தகவல் இல்லை.

செய்முறை சுலபம், நேரம்தான் பிடிக்கும். ஊறவைத்த சோயாவைச் சிவப்பு நொதியரிசி, பேரீச்சை போன்ற செந்நிற இலந்தை, சர்க்கரை, அன்னாசிப்பூ, பட்டை எல்லாம் போட்டுச் சிறுதீயில் வைக்கிறார்கள். அரிசி நிறத்தைக் கொடுக்கும், இலந்தை மெல்லிய இனிப்பைக் கொடுக்கும். நீர் சுண்டச் சுண்ட, அவரையின் தோல் சுருங்காமல் பளபளவென்று செம்பழுப்பாக ஆக வேண்டும். கடித்தால் பல்லுக்கு வேலை இருக்கக் கூடாது, ஆனால் குழையவும் கூடாது.

இதற்கு ஜோடி, தேயிலை முட்டை. முட்டையை முதலில் வேகவைத்து, கரண்டியின் முதுகால் ஓட்டை மெல்லத் தட்டி விரிசல் விடச் செய்கிறார்கள். பிறகு தேயிலை, சோயா சாஸ், மசாலா சேர்ந்த கஷாயத்தில் மணிக்கணக்காகக் கிடக்கும். உரித்தால் வெள்ளைக் கருவின் மேல் விரிசல் போன வழியெல்லாம் பழுப்புக் கோடுகள், பளிங்கில் ஓடும் ரேகை போல. இந்த இரண்டுக்கும் பேர்போன கடை க்வேய்குவாங் கே. க்வேய் என்பது தேர்வு எழுதுகிறவர்களைக் காக்கும் நட்சத்திர தேவன். கோயில் பக்கத்தில் அந்தத் தேவனுக்கு ஒரு மண்டபம் இருந்தது, கடை அதன் பெயரை எடுத்துக்கொண்டது. வியாபாரப் புத்தி என்றால் அதுதான்.

தேநீர்க்கடையில் ஒரு பகல்

தேர்வு மூன்று வருடத்துக்கு ஒரு தடவைதான். மீதி நாட்களில் இந்தத் தெரு எப்படிப் பிழைத்தது? தேநீர்க்கடைகளால். 1733-ல் நான்ஜிங்குக்குக் குடிவந்து சின்ஹுவாய் கரையில் வாழ்ந்த வூ ஜிங்ஸி, தேர்வு மோகத்தை நார்நாராகக் கிழித்து ஒரு நாவல் எழுதினார். பெயர் ‘ரூலின் வாய்ஷி’. நகரத்தில் ஆயிரத்துக்கு மேல் தேநீர்க்கடைகள் என்று அதில் ஒரு கணக்கு வருகிறது. நாவலாசிரியர் கணக்குத்தான், ஆனாலும் அவர் ஊரைச் சுற்றிப் பார்த்த மனிதர். தானே தேர்வை வெறுத்து ஒதுங்கியவர், வறுமையில் இறந்தவர்.

எதிர்க்கரையில் இன்னொரு உலகம். தேர்வுக்கூடத்துக்கு நேர் எதிரே கணிகையர் தெரு. பாட்டும் கவிதையும் ஓவியமும் தெரிந்த பெண்கள். அவர்களில் லி ஷியாங்ஜுன் என்ற பெண்ணின் கதையை வைத்து 1699-ல் கொங் ஷாங்ரென் எழுதிய ‘பீச்சுப்பூ விசிறி’ சீன நாடக இலக்கியத்தில் உயர்ந்த இடத்தில் இருக்கிறது. எழுதியவர் கன்ஃபூசியஸின் வம்சாவளி. ஒரு கரையில் நன்னெறி, மறுகரையில் நாட்டியம், நடுவில் விளக்குப் படகு, படகிலும் தின்பண்டம்.

தேநீர்க்கடைகளின் தலையாய பதார்த்தம் ‘கான்ஸி’. டோஃபுவை அழுத்திப் பிழிந்து தண்ணீர் முழுக்கப் போக்கிக் கெட்டியான வில்லையாக்குகிறார்கள். கத்தியைப் படுக்கைவசமாகப் பிடித்து அந்த வில்லையைத் தாள்தாளாகச் சீவுகிறார்கள். தாள்களை அடுக்கி நூலாக அரிகிறார்கள். கத்தி பிடிக்கிறவரின் கைத்திறன் இங்கே தெரிந்துவிடும். ஒரு நூல் தடித்தாலும் வாயில் நெருடும். பிறகு கொதிநீரை ஊற்றி வடிப்பது. ஒரு முறை போதாது. மூன்று முறையாவது செய்தால்தான் சோயாவின் பச்சை வாடை போகும். கோபுரமாகக் குவித்து, மேலே இஞ்சி நறுக்கு, காய்ந்த இறால், சோயா சாஸ், நல்லெண்ணெய். ஒரு தட்டு கான்ஸி, ஒரு குவளை பச்சைத் தேநீர் இருந்தால் காலையை ஓட்டிவிடலாம்.

எழுத்தாளர் ஜூ ஸிச்சிங்கும் அவர் நண்பர் யூ பிங்போவும் 1923-ல் ஒரே இரவுப் படகுப் பயணத்தைப் பற்றி, ஒரே தலைப்பில், ஆளுக்கொரு கட்டுரை எழுதினார்கள். துடுப்பொலியும் விளக்கொளியும் நிறைந்த சின்ஹுவாய் பற்றிய அந்த இரண்டும் நவீனச் சீன உரைநடையில் புகழ்பெற்றவை. அதே ஜூ ஸிச்சிங் 1930-களில் நான்ஜிங் பற்றி இன்னொன்றும் எழுதினார். அதில் ஊர்க்காரர்கள் கொண்டாடும் கான்ஸியைத் தூக்கிப் பேசவில்லை. பக்கத்து ஜென்ஜியாங், யாங்ஜோவ் ஊர்களில் இதைவிட மெல்லிசாக அரிவார்கள் என்று ஒரே வெட்டாக வெட்டிவிட்டார். அவர் யாங்ஜோவில் வளர்ந்தவர், ஊர்ப்பாசம் இருக்கத்தான் செய்யும். தேநீர்க்கடைகளில் அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த எள் ரொட்டியை மட்டும் மனம்விட்டுப் பாராட்டினார். அந்தத் தீர்ப்பு இன்றும் செல்லும். கான்ஸியை யாங்ஜோவில் சாப்பிடலாம். எள் ரொட்டிக்கு நான்ஜிங்தான்.

எரிந்தது எத்தனை முறை

1853-ல் தைப்பிங் கிளர்ச்சியாளர்கள் நான்ஜிங்கைப் பிடித்துத் தங்கள் தலைநகராக்கினார்கள். கன்ஃபூசியஸை அவர்களுக்கு ஆகாது, கோயில் சிதைந்தது. வேடிக்கை என்னவென்றால் கன்ஃபூசியஸைத் துரத்தியவர்களும் பரீட்சையை விடவில்லை. பாடத்திட்டத்தை மட்டும் மாற்றித் தாங்களும் தேர்வு நடத்தினார்கள். 1864 ஜூலையில் நகரத்தை மீட்ட சிங் படைத்தலைவர் ட்செங் குவோஃபான், இடிபாடுகளைக் கூட்டிப் பெருக்கும் முன்பே தேர்வுக்கூடத்தைச் சீர்செய்து அதே வருடக் கடைசியில் பரீட்சை வைத்துவிட்டார். கோயில் மறுபடி எழுந்தது அதற்குச் சில வருடங்கள் கழித்து. எது அவசரம், எது காத்திருக்கலாம் என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை.

1905-ல் பேரரசு ஆணையிட்டுத் தேர்வு முறையையே நிறுத்தியது. ஆயிரத்து முந்நூறு வருடப் பழக்கம் ஒரே ஆணையில் முடிந்தது. ஆளில்லாத அறைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 1910-களின் முடிவில் பெரும்பகுதியை இடித்துச் சந்தையாக்கினார்கள். மிங்யுவான் கோபுரமும் இன்னும் சில பகுதிகளும் மட்டும் தப்பின. தேர்வர்கள் உட்கார்ந்து பட்டினி கிடந்த மண்ணில் கடைகள் வந்தன. குடியரசுக் காலத்தில், 1927 முதல் நான்ஜிங் தலைநகராக இருந்தபோது, இந்த வட்டாரம் தேநீர்க்கடை, கதைசொல்லி, பாட்டுக்கச்சேரி என்று அமர்க்களப்பட்டது.

1937 டிசம்பரில் ஜப்பானியப் படை நகருக்குள் நுழைந்தது. அந்தப் படுகொலைகளைப் பற்றி இங்கே இரண்டு வரியில் எழுதுவது முறையாகாது. கோயிலும் அந்த நெருப்பில் போனது, தாச்செங் மண்டபம் சாம்பலானது. இன்று நாம் பார்ப்பது 1984-க்குப் பிறகு எழுப்பியது. வெள்ளைச் சுவர், கறுப்பு ஓடு, வளைந்த கூரை, எல்லாம் பழைய சாயலில், சிமென்டின் துணையோடு. கைடுகள் இதை அழுத்திச் சொல்வதில்லை.

எட்டு அற்புதங்கள், ஏழு கடைகள்

கட்டடம் எழும்பிய கையோடு பலகாரங்களுக்கும் பட்டியல் போட்டார்கள். 1987-ல் சின்ஹுவாய் வட்டாரத்தின் சிற்றுண்டி ஆய்வுக் குழுவினர் ஏழு கடைகளின் எட்டு ஜோடிப் பண்டங்களைத் தேர்ந்து ‘சின்ஹுவாயின் எட்டு அற்புதங்கள்’ என்று பெயர் சூட்டினார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு ஈரமானது, ஒரு உலர்ந்தது என்கிற மாதிரி ஜோடி. க்வேய்குவாங் கேயின் அவரை, முட்டை, தேநீர் முதலாவது. யோங்ஹே யுவானின் இறால் கான்ஸியும் நண்டோட்டு நிறத்தில் முறுகும் ரொட்டியும். சீஃபாங் கே மட்டும் இரண்டு இடம் பிடித்தது: நல்லெண்ணெய்க் கான்ஸியோடு வாத்துக்கொழுப்பு ரொட்டி, காய்கறிப் பாவ்ஸியோடு நூடுல்ஸ். லியூஃபெங் ஜூவின் இளம் டோஃபுவும் வெங்காயத்தாள் ரொட்டியும், ஜியாங் யோவ்ஜியின் மாட்டிறைச்சி சூப்பும் பொரித்த கொழுக்கட்டையும், ஜான்யுவான் கடையின் மெல்லிய தோல் பாவ்ஸியும் செஞ்சாற்று மீன் நூடுல்ஸும், லியான்ஹுவின் பூமணக்கும் இனிப்பு உருண்டைகளும் பல வண்ணப் பிட்டும்.

பழைய பண்டங்களுக்குப் புதிய விளம்பரம் என்று இதைக் குறை சொல்லலாம். சொல்லவும் செய்கிறார்கள். என் கணக்கில் அது தப்பில்லை. சிதறிக் கிடந்த சமையல்காரர்களை ஒரு பட்டியல் ஒரே இடத்தில் நிறுத்தியது, இளையவர்கள் அந்தக் கையைப் பழக ஒரு காரணம் கிடைத்தது. கெடுதல் வேறு இடத்தில். பட்டியலுக்குள் வராத பண்டங்கள் இரண்டாம் பட்சமாகிப் போயின. எட்டையும் குட்டிக் கிண்ணங்களில் வரிசையாக வைத்து ‘செட்’ விற்கும் உணவகங்கள் பெருகின. குட்டிக் கிண்ணத்தில் ஆறிப்போன ரொட்டியைத் தின்றுவிட்டு ‘இதற்கா இத்தனை பேச்சு’ என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் மேல் தப்பே சொல்ல முடியாது. இந்தப் பண்டங்கள் சூட்டில் வாழ்பவை. கல்லிலிருந்து எடுத்த ஐந்தாவது நிமிடம் அவற்றின் ஆயுள் முடிந்துவிடும்.

அந்தப் பட்டியலில் வாத்துக்கொழுப்பு ரொட்டி எப்படி வந்தது என்று பார்த்தால் நகரத்தின் குணமே தெரியும். நான்ஜிங்காரர்கள் வாத்துப் பைத்தியங்கள். சிச்சுவான் மிளகோடு வறுத்த உப்பைத் தேய்த்து, பழைய உப்புநீரில் ஊறப்போட்டு, காற்றில் உலர்த்தி, கொதிக்க விடாத நீரில் மெல்ல வேகவைக்கும் உப்பு வாத்துதான் ஊரின் கொடி. ஒஸ்மாந்தஸ் பூக்கும் இலையுதிர் காலத்து வாத்துக்குத் தனி மவுசு. இத்தனை வாத்து வெந்தால் கொழுப்பு மிஞ்சும். அதை மாவுக்குள் அடுக்கடுக்காகத் தடவி, எள் தூவிச் சுட்டால் ரொட்டி. ரத்தத்தைக் கட்டியாக்கி, ஈரல், குடல், கண்ணாடி நூடுல்ஸோடு சேர்த்தால் வாத்து ரத்த சூப். எட்டு அற்புதத்தில் அதற்கு இடமில்லை. ஆனால் தெருவில் நின்று குடிக்கும் ஜனங்களுக்குப் பட்டியலைப் பற்றி என்ன கவலை? இன்று நான்ஜிங் என்றதும் சீனா முழுக்க நினைவுக்கு வருவது அந்த சூப்தான்.

மாட்டிறைச்சிக் கடை இங்கே எப்படி என்று சிலர் கேட்பார்கள். நான்ஜிங்கில் ஹுவேய் முஸ்லிம்கள் பல நூறு வருடங்களாக வாழ்கிறார்கள். மிங் வம்சத்தின் முதல் பேரரசர் காலத்தில், 1388-ல், கட்டிய ஜிங்ஜுவே பள்ளிவாசல் ஃபூஸிமியாவிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது. ஜியாங் யோவ்ஜியின் மாட்டிறைச்சிக் கொழுக்கட்டை அவர்கள் கைவண்ணம். அடி மட்டும் பொன்னாக முறுக, உள்ளே சாறு ததும்ப, லேசான இனிப்போடு இருக்கும். முதல் கடியில் சாறு சட்டையில் தெறிப்பது சகஜம். கன்ஃபூசியஸ் கோயில் வாசலில் ஹலால் கடைகள் பேர் வாங்கியது நான்ஜிங்கின் அழகுகளில் ஒன்று.

இனிப்பில் என் ஓட்டு மெய்ஹுவா கேக்குக்கு. பணியாரக்கல் போன்ற வார்ப்பு. குழிகள் மட்டும் ஐந்து இதழ் பிளம் பூவின் வடிவம். சூடான குழியில் மாவு விட்டு, சிவப்பு அவரைப் பூரணம் வைத்து, மேலே இன்னொரு கரண்டி மாவு. அதன்மேல் உலர்திராட்சை, குட்டிக் குட்டி அரிசி உருண்டை, நிறம் போட்ட சீவல். கடைசியில் தணலில் காய்ந்த இரும்புத் தட்டால் மூடினால் மேல்பாகமும் வேகும். கம்பியால் நெம்பி எடுத்துக் காகிதக் கூம்பில் தருவார்கள். உள்ளே பூரணம் நாக்கைச் சுட்டுவிடும், பொறுமை வேண்டும்.

வாத்து போய் கணவாய் வந்தது

இப்போது ஃபூஸிமியாவ் அரசின் முதல்தரச் சுற்றுலாத் தலம். 2015-ல் வாசலருகே மெட்ரோவும் வந்துவிட்டது. சந்திரப் புத்தாண்டு தொடங்கி முழுநிலா வரை நடக்கும் விளக்குத் திருவிழா 2006-ல் தேசிய மரபுச் செல்வங்களின் முதல் பட்டியலில் சேர்ந்தது. அந்த நாட்களில் தெருவுக்குள் போனால் கூட்டமே உங்களைத் தூக்கிக்கொண்டு போய்விடும். தேர்வுக்கூடம் இருந்த இடத்தில் பூமிக்கடியில் ஒரு பெரிய அருங்காட்சியகம். அதன் கூரையே ஒரு தடாகம், மிங்யுவான் கோபுரம் அதில் தலைகீழாகத் தெரிகிறது. அந்தப் பொந்து அறையில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளலாம். ஐந்து நிமிடத்தில் முதுகு வலிக்கும். ஒன்பது நாளை நினைத்துப் பாருங்கள்.

கூட்டம் வந்தால் வாடகை ஏறும். வாடகை ஏறினால் கான்ஸி அரிகிறவன் தாக்குப்பிடிக்க மாட்டான். ஒரு தட்டுக்கு அவ்வளவு நேரம் கத்தி பிடித்து அவன் எத்தனை தட்டு விற்க முடியும்? அந்த இடத்துக்குக் குச்சியில் செருகிய கணவாய், ஹூனான் பாணி நாற்ற டோஃபு, பொரித்த உருளைச் சுருள் எல்லாம் வந்துவிட்டன. சீனாவின் எந்தச் சுற்றுலாத் தெருவுக்குப் போனாலும் இதே வாசனை, இதே ஒலிபெருக்கி. நான்ஜிங்குக்கும் அவற்றுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. உள்ளூர்க்காரர்கள் பலர் விருந்தாளி வந்தால் ஒழிய இந்தப் பக்கம் வருவதில்லை. அவர்கள் சாப்பிடுவது இரண்டு தெரு தள்ளி, பெயர்ப்பலகை மங்கிய கடைகளில்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. ஷாங்காயிலிருந்து அதிவேக ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான், காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் சேரலாம். பண்டிகைக் காலத்தையும் சீன விடுமுறை வாரங்களையும் தவிருங்கள். கோயிலையும் அருங்காட்சியகத்தையும் முதலில் முடித்துவிட்டு, படகை அந்திக்கு வையுங்கள். எட்டும் அடங்கிய ‘செட்’ வேண்டவே வேண்டாம். கடைக்கு ஒரு பண்டம், சூட்டோடு, நின்றபடி தின்றுவிட்டு அடுத்ததற்கு நடையைக் கட்டுங்கள். சைவம் சாப்பிடுகிறவர்களுக்குச் சீஃபாங் கேயின் காய்கறிப் பாவ்ஸி தோதுப்படும். கீரை, காளான், மசாலா டோஃபு, எள் கலந்த பூரணம். எள் ரொட்டியை மட்டும் கேட்டுவிட்டு வாங்குங்கள், பார்க்கச் சாதுவாக இருக்கும், உள்ளே வாத்துக்கொழுப்பு. இளம் டோஃபுவிலும் இறாலைத் தூவுவார்கள், வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட வேண்டும். ஒன்றே ஒன்றுக்குத்தான் வயிற்றில் இடம் என்றால், கொழுப்பு விஷயத்தில் தடையில்லாதவர்கள் அந்த எள் ரொட்டியையே வாங்கட்டும். அடுப்பிலிருந்து எடுக்கும்வரை காத்திருந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.